பத்துப் பெண்களுக்கு எந்த ராக்கெட்

காஜா முகைதீன் ஷார்ஜாவிலிருந்து இரண்டு மாத விடுப்பில் மேலப்பாளையத்துக்கு வந்து ஐம்பத்துமூன்று நாட்கள் ஆகிவிட்டன.

பீரோவுக்குள் திரும்பிப் போகிற விமான டிக்கெட் இருந்தது. வண்ணார்பேட்டை டிராவல்ஸ் ஆபீசுக்குப் போய் அதை உறுதி செய்ய இந்தச் சனிக்கிழமை கடைசி நாள். அதே சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இன்னொருவருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. டிராவல்ஸ் இருக்கிற அதே வரிசையில் ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்குச் சொந்தமான கடை அறை ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் விளையாட்டுச் சாமான் கடை போட்டால் காஜா ஷார்ஜாவுக்குப் போகவே வேண்டாம்.

ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவரும் அந்த அறையைக் கேட்டு நடந்துகொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்து ஆர்டராவது கையில் இருந்தால் தனக்கும் தைரியமாக இருக்கும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

அந்த ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. மகள் மைதீன் பாத்திமா ஏழாவது படிக்கிற பெண்கள் பள்ளியில் அனுராதா டீச்சர் ஒரு விஞ்ஞான மன்றம் ஆரம்பித்திருந்தாள். எட்டாம் வகுப்புப் பெண்கள் பத்துப் பேர். அவர்களுக்கு ராக்கெட் செய்து பறக்கவிடுகிற பெட்டி பத்து வேண்டும். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. குறிச்சிக்கு அப்பால் ஆற்றோரத்துத் திடல்.

காஜாவின் மனைவி ரைஹானத் அன்று விடியற்காலை பஜ்ருத் தொழுகைக்கு எழுந்தவள் மறுபடி படுக்கவில்லை. கல்யாணமாகிப் பதிநான்கு வருஷத்தில் ஒன்பது வருஷம் புருஷன் ஷார்ஜாவில். மகளுக்குச் சட்டை எடுக்க அவள் வெள்ளை நூலால் கழுத்திலிருந்து கணுக்கால் வரையும், சிவப்பு நூலால் தோளிலிருந்து தோள் வரையும் அளந்து, நூலை மடித்துக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புவாள். அவர் அதைக் கடையில் விரித்துப் பார்த்துத் துணி வாங்குவார். பாத்திமா எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு நூலாகத்தான் தெரியும்.

இனி நூல் அனுப்ப வேண்டியிராது என்று அவள் நினைக்க ஆரம்பித்துப் பத்து நாள்தான் ஆகிறது. அந்த நினைப்பு பத்து மணிக்குத் திடலில் தேறுமா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டு மேசைமேல் இரண்டு ராக்கெட்டுகள் இருந்தன.

ஒன்று பெரியது. மூன்றடி உயரம். அட்டைக் குழாய் உடம்பு, தக்கை மாதிரி லேசான மரத்தில் நான்கு இறக்கை, கூரான வெள்ளை மூக்கு, வயிற்றுக்குள் மடித்துவைத்த ஆரஞ்சுக் குடை. காஜா மூன்று மத்தியானம் உட்கார்ந்து ஒட்டியது. இதில் நான்கு பெட்டி கொண்டுவந்திருந்தார்.

மற்றது சின்னது. நீலப் பிளாஸ்டிக் பாட்டில்தான் அதன் உடம்பு. மூன்று இறக்கை, பூட்டு வைத்த ஒரு தாங்கி, தாங்கியிலிருந்து சைக்கிள் பம்பில் மாட்ட ஒரு ரப்பர் குழாய். பாட்டிலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் ஊற்றிக் காற்றடித்துப் பூட்டின் கயிற்றை இழுத்தால், தண்ணீரைப் பின்னால் பீய்ச்சிக்கொண்டு மேலே போகும். கிளம்புகிற அன்று மகளுக்கு என்று கடைசி நிமிஷத்தில் எடுத்த ஒரே ஒரு பெட்டி. அவர் அதைக் குழந்தைச் சாமான் என்றுதான் சொல்வார்.

பெரிய ராக்கெட்டை மேலே தள்ள வெடிமருந்து அடைத்த குழாய் வேண்டும். அதை விமானத்தில் ஏற்றவிட மாட்டார்கள். ஷார்ஜாவில் பொம்மைக் கடையில் நிற்கிறவருக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தேதான் பெட்டிகளை வாங்கினார். சிவகாசி கூப்பிடுதூரத்தில் இருக்கும்போது மருந்துக்கா பஞ்சம் என்பது அவர் கணக்கு. லண்டன்காரனுக்கும் அமெரிக்கனுக்கும் வராத யோசனை, திருநெல்வேலிக்காரருக்குத்தான் வரும்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிச்சைக்கண்ணு என்ற ஆளைப் பிடித்தார். முந்தின நாள் சாயங்காலம் பிச்சைக்கண்ணு மூன்று குழாய்களைத் தினசரித் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். ரைஹானத் அவற்றை அடுப்படிப் பக்கமே விடாமல், புழங்காத பின்னறையில் ஒரு மரப்பெட்டிமேல் தனியாக வைத்தாள்.

காலை ஏழரைக்கு அவர் குழாய்களை எடுக்கப் போனபோது அவளும் பின்னால் போனாள்.

“இதை யாராவது ஒருக்கா கொளுத்திப் பாத்தாங்களா மச்சான்?”

“அவன் இருபது வருசமா மருந்து இடிக்கான், ரைஹானா. அவனுக்குத் தெரியாததா?”

“அவன் எடது கையில ரெண்டு வெரல் இல்ல. நேத்து டம்ளர் வாங்குதப்ப பாத்தேன்.”

காஜா குழாய்களைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனவர், யோசித்து, கையிலேயே பிடித்துக்கொண்டார்.

கூடத்தில் டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் ஒரு கேசட் இருந்தது. மேலே பச்சை மையில் ‘வாப்பாவுக்கு’ என்று எழுதியிருந்தது.

அந்த வீட்டுக்கு அது பழகிப்போன விஷயம். பாத்திமாவுக்கு வாப்பாவோடு நேரில் பேச வராது. மூன்று வயதிலிருந்து அவரோடு அவள் பேசியதெல்லாம் கேசட்டில். மைக்கைப் பார்த்தால் ஆற்றுத் தண்ணீர்போல் வரும் பேச்சு, எதிரில் அவர் உட்கார்ந்தால் வற்றிவிடும். வந்த முதல் வாரம் அவர் எவ்வளவோ முயன்றார். எட்டாம் நாள் அவளே ஒரு கேசட்டைப் பேசிப் பதிந்து மேசைமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அதிலிருந்து இந்த வீட்டில் அப்பனும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு ஷார்ஜாவுக்கும் மேலப்பாளையத்துக்கும் போல்தான் பேசிக்கொள்கிறார்கள்.

காஜா பித்தானை அழுத்தினார். பாத்திமா அந்த நேரம் கொல்லையில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கழுவுகிற சத்தமும், பெட்டிக்குள்ளிருந்து அவள் குரலும் சேர்ந்து கேட்டன.

“அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா. நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கியளான்னு கேக்கணும், ஆனா நீங்க பக்கத்து ரூம்ல தூங்குதீய. சின்ன ராக்கெட்ட நானும் உம்மாவும் இருபத்திமூணு தடவ விட்டாச்சு. நீங்க அசர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போற நேரம் பாத்துத்தான் விடுவோம். நாலு தடவ அகமது மீரான் மாமா வீட்டு ஓட்டுமேல வுழுந்துச்சு. ஒரு தடவதான் ஏசினாவ.”

காஜாவின் மீசைக்குள் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“பெரிய பெட்டியில உள்ள புஸ்தகத்த டிக்சனரி வச்சுப் படிச்சேன். மருந்து எரிஞ்சு முடிஞ்ச பொறவு சில செகண்டு சும்மா போகணுமாம். பொறவு உள்ளுக்குள்ள ஒரு சின்ன வெடி. அதுதான் குடைய வெளிய தள்ளுமாம். நல்ல குழாய்மேல அது எத்தன செகண்டுன்னு நம்பர் போட்டிருக்குமாம். பிச்சைக்கண்ணு மாமா குழாயில நம்பர் இல்ல. குடை வரலன்னா அவ்வளவு ஒசரத்துலேருந்து மூக்கு கீழ பாத்து வந்திரும் வாப்பா. பத்துப் பிள்ளைய அங்கன அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாவ.”

நாடாவில் எங்கோ ஒரு சேவல் கூவியது பதிவாகியிருந்தது.

“ஒண்ணு கேக்கணும். ஒம்பது வருசமா விக்கியளே, ஒரு ராக்கெட்டாவது பறந்து பாத்திருக்கியளா வாப்பா?”

காஜா பெட்டிக்குப் பக்கமாகக் குனிந்தார்.

“இன்னொண்ணு. இந்தத் தடவ போறதுக்கு முந்தி நூல் அளவு நீங்களே எடுத்துட்டுப் போயிருவியளா? இல்ல பொறவு உம்மா அனுப்பணுமா? எடுக்கதா இருந்தா சொல்லுங்க, நான் பள்ளிக்கூடம் விட்டுச் சீக்கிரம் வாரேன். வஸ்ஸலாம்.”

நாடா முடிந்து பித்தான் தானாக மேலே எழும்பியது. ரைஹானத் கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தாள். முதல் கேள்விக்காகவாவது அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். காஜா மணியைப் பார்த்தார். ஆட்டோவுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார்.

திடலுக்குப் போகிறபோது ரைஹானத் இரண்டு வாளி எடுத்துக்கொண்டாள். ஒன்று சின்ன ராக்கெட்டுக்குத் தண்ணீர் எடுக்க. மற்றது எதற்கு என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆடிக் காற்று மேற்கேயிருந்து ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்து ஓடியது. திடலின் கிழக்குக் கோடியில் பனைகளுக்கு அடியில் நெசவுக்காரர்கள் பாவு விரித்திருந்தார்கள். முப்பது கெஜ நீளத்துக்கு, குறுக்குக் கம்புகள்மேல், நூற்றுக்கணக்கான இழைகள். அது அகமது மீரானின் பாவு. ஒரு சேலைக்கட்டுக்கான நூல் அத்தனையும் வெயிலில் ஒரே தகடாக மின்னியது. காற்று பட்டபோதெல்லாம் அதில் ஒரு சுருக்கம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது.

அனுராதா டீச்சர் மொபெட்டில் வந்தாள். முப்பது வயது இருக்கும். வந்ததும் வணக்கம் சொல்லி, கைக்குட்டையை உயர்த்திக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தாள். காஜாவுக்கு அது பிடித்தது. பேசத் தெரிந்தவர்களோடு வியாபாரம் செய்வது சுலபம் என்பது அவருடைய அனுபவம்.

அவர் பெரிய ராக்கெட்டைக் கம்பியில் செருகி நிறுத்தினார். ஒன்பது வருஷத்துப் பழக்கம் அவருடைய நாக்கில் இருந்தது. மூக்கு ஏன் கூராக இருக்கிறது, இறக்கை ஏன் நான்கு, குடை எப்படி விரியும், பாட்டரியிலிருந்து முப்பதடிக் கம்பி இழுத்துத் தள்ளி நின்றுதான் பற்றவைக்க வேண்டும் என்பதை எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னார். கடையில் எத்தனை வெள்ளைக்காரர்களுக்கும் அரபிகளுக்கும் சொன்னது. ரைஹானத் அவரை இப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் உப்புக் குறைந்தால்கூடச் சொல்லாத மனுஷன்.

டீச்சர் குனிந்து இறக்கையைத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டியது சுத்தமாக இருக்கிறது என்றாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். இதை எத்தனை தடவை பறக்கவிடலாம்? ஒவ்வொரு தடவையும் எது தீர்ந்துபோகும்? தீர்ந்தது இங்கே கிடைக்குமா? ஒரு பிள்ளை தப்பாக ஒட்டினால் என்ன ஆகும்?

மருந்துக் குழாய் ஒவ்வொரு தடவையும் தீரும் என்று காஜா சொன்னார். இங்கே கிடைக்கும், ஆள் பிடித்து வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். கைக்குட்டையைப் பிரித்து மூன்று குழாய்களைக் காட்டினார்.

டீச்சர் அவற்றைக் கையில் வாங்கவில்லை.

“பாய், ஒண்ணு கேக்கேன். இத நீங்க பறக்க விட்டிருக்கியளா?”

பாத்திமா பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பது நின்றது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். யாரும் ஷார்ஜா போய் விசாரிக்கப் போவதில்லை. ஒரு வார்த்தையில் ஆர்டர், ஆர்டரில் கடை அறை. தான் எதற்காக அல்லாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று ரைஹானத்துக்கே அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. அவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்றா, சொல்லக் கூடாது என்றா?

காஜா டீச்சரைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார்.

“இல்ல. ஒண்ணுகூடப் பறந்து பாத்ததில்ல.”

பிறகு, யாரும் கேட்காமலே, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அங்கே வெள்ளிக்கிழமைதான் எல்லாருக்கும் லீவு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போய் பறக்கவிடுவார்கள். வெள்ளிக்கிழமைதான் கடையில் கூட்டமும். சனிக்கிழமை வந்து எவ்வளவு உயரம் போனது என்று அவரிடம் சொல்வார்கள். அவரும் ரொம்ப சந்தோஷம் என்பார்.

டீச்சர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

காற்று இன்னும் கொஞ்சம் வலுத்தது. கிழக்கே பாவின்மேல் சுருக்கம் ஓடியது. காஜா அதைப் பார்த்தார். கையிலிருந்த குழாய்களைப் பார்த்தார். அவர் கண் கம்பியிலிருந்து பாவு வரைக்கும் தூரத்தை அளப்பதை ரைஹானத் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த இரண்டாவது வாளியைக் காலால் அரையடி முன்னால் நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

அவர் நடந்துவந்து குழாய்களை ஒவ்வொன்றாக அந்த வாளிக்குள் போட்டார். குமிழி வந்தது. தாள் பிரிந்தது. தண்ணீர் கறுத்தது.

“இதுக்குத்தான் ரெண்டாவது வாளியா?”

“எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தேன்” என்றாள் ரைஹானத்.

அதற்கப்புறம் திடல் பாத்திமாவின் கைக்குப் போய்விட்டது. அவள் ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து பாட்டிலில் ஒரு கோடு வரைக்கும் ஊற்றினாள். கோட்டை அவளே நகப்பூச்சால் போட்டிருந்தாள். தாங்கியில் கவிழ்த்துப் பூட்டினாள். டீச்சரைப் பதினைந்தடி தள்ளி நிற்கச் சொன்னாள். கயிற்றின் நுனி உம்மாவின் கையில். பம்பு அடிக்க ஆள் வேண்டும்.

“வாப்பா, நீங்க அடிக்கியளா?”

நேரில், அவர் முகத்தைப் பார்த்து, அவள் கேட்ட முதல் முழு வாக்கியம் இதுதான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. காஜா வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதல் தடவை இருபது அடிப்பதற்குள் ரப்பர் குழாய் கழன்று, பாட்டில் தண்ணீர் முழுவதும் அவர்மேல் பீய்ச்சியது. சட்டை, தாடி எல்லாம் நனைந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“குனிஞ்சு அடிக்கக் கூடாதுன்னு சொல்லணும்னு இருந்தேன்” என்றாள் ரைஹானத்.

“இப்ப சொல்லுதியா?”

இரண்டாம் தடவை சரியாகப் பொருந்தியது. அவர் ஒரே குறியாக அடித்தார். முப்பது. முப்பத்தைந்து. பாத்திமா இழுங்க என்றாள். ரைஹானத் இழுத்தாள்.

ஒரு சத்தம். தாங்கியில் கொஞ்சம் நுரை. காஜா நிமிர்ந்து பார்த்தபோது தாங்கி காலியாக இருந்தது.

“எங்க போச்சு?”

மூன்று பெண்களும் ஆகாயத்தில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தத் திசைக்குத் தலையைத் திருப்புவதற்குள் பாட்டில் பத்தடி தள்ளி மணலில் சொத்தென்று விழுந்தது.

“பாக்கலியா வாப்பா?” பாத்திமாவுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. “பனைக்கு மேல போச்சு.”

“பம்புல்ல பாத்துக்கிட்டிருந்தேன்.”

மூன்றாம் தடவை டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு தானே பம்பைப் பிடித்தாள். காஜா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைக்குள் முதலாளி நுழையும்போது நிற்கிற மாதிரி நேராக நின்றார்.

நீலப் பாட்டில் வெள்ளை வாலோடு கிளம்பியது. பனை மட்டை, பனைக்கு மேல் வெறும் ஆகாயம், அங்கே ஒரு நிமிஷம் நிற்கிறதா போகிறதா என்று தெரியாத ஒரு நிலை. வாலில் பட்ட வெயில் ஒரு சிறு துண்டு வானவில்லாகி உடனே அழிந்தது. காற்று பாட்டிலைச் சாய்த்தது. அது புரண்டு புரண்டு இறங்கி, பாவுக்கு நல்ல தூரம் முன்னாலேயே விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காஜா முகைதீன் அது விழுந்த பிறகும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. டீச்சர் பம்புக் கைப்பிடியைச் சரி பார்ப்பதில் மும்முரமானாள்.

அவள் முடிவு சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. சின்னதுதான் வேண்டும். ஒருத்தி நூறு தடவை விட்டாலும் தண்ணீரைத் தவிர எதுவும் தீராது. தப்பாகச் செய்தால் நனைவாள், அவ்வளவுதான். பெரியதைப் பிறகு பார்க்கலாம். சரியான குழாய் சட்டப்படி கிடைக்கிற காலம் வரும்போது, இந்தப் பிள்ளைகள் பெரிய வகுப்புக்கும் போயிருப்பார்கள். பெட்டி பத்து. எப்போது கிடைக்கும்?

காஜாவிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

“நான் போய்ச் சேந்துட்டா பதினஞ்சே நாள்ல அனுப்பிருவேன் டீச்சர்” என்றார். வியாபாரிக்கு வாயில் தானாக வருகிற பதில்.

ரைஹானத் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எந்த ஆர்டர் அவரை இங்கே நிறுத்தும் என்று நினைத்தாளோ, அதுவே அவரை விமானத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் தாங்கியைத் தூக்கி டீச்சரிடம் நீட்டினாள்.

“இந்த வால்வப் பாருங்க டீச்சர்.”

டீச்சர் பார்த்தாள். சைக்கிள் டியூபில் இருக்கிற பித்தளை வால்வு.

“பெட்டியோட வந்தது மூணாம் நாளே ஒடைஞ்சு போச்சு. இவுக மனசு சங்கடப்படும்னு சொல்லல. பாக்கியசீலன் அண்ணாச்சி சைக்கிள் கடையில இத வாங்கி, செருப்புத் தைக்கவர்ட்ட ரப்பர் வெட்டி நாந்தான் மாட்டினேன். ஒரு இறக்கையும் மாத்தினதுதான். மத்ததையும் இங்கனயே செஞ்சிரலாம், பாட்டிலுக்கும் ஷார்ஜா வேண்டாம். ஜங்சன்ல பெரிய கலர் சோடா பாட்டில் கெடைக்கு.”

காஜா தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாங்கியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நீங்க அதக் குழந்தச் சாமான்னு சொன்னிய.”

டீச்சர் மொபெட்டில் ஏறுவதற்கு முன் தன் பேச்சைத் திருத்திக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமைக்குள் இங்கேயே செய்த இரண்டு ராக்கெட் வேண்டும். ஒவ்வொன்றும் பத்துத் தடவை கோளாறில்லாமல் பறக்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்று தமிழில் ஒரு தாள் எழுதி வைக்க வேண்டும். பிள்ளைகள் டிக்சனரி பார்க்க வேண்டியிருக்கக் கூடாது. தேறினால் பத்து. தேறாவிட்டால் ஷார்ஜாப் பெட்டியே சரி, காத்திருக்கிறேன்.

அண்ணாச்சியிடம் காட்ட ஒரு கடிதம் தர முடியுமா என்று காஜா கேட்டார். தேறட்டும் பாய், தருகிறேன் என்றாள் டீச்சர்.

ஆக, பாதி ஆர்டர். பாதி ஆர்டரைக் காட்டி முழு அறையை யார் கொடுப்பார்கள்?

மத்தியானம் காஜா சாப்பிட்டுவிட்டு, பீரோவைத் திறந்து டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றரைக்கு வண்ணார்பேட்டை பஸ் ஏறினார். எங்கே போகிறீர்கள் என்று ரைஹானத் கேட்கவில்லை. டிராவல்ஸும் அண்ணாச்சியும் ஒரே வரிசை. இறங்குகிற ஸ்டாப் ஒன்றுதான்.

பாத்திமா கொல்லையில் கலர் பாட்டில் ஒன்றுக்கு அட்டையில் இறக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்றா, நான்கா என்று உம்மாவிடம் கேட்டாள். மூணு போதும் என்றாள் ரைஹானத். அவளுக்குக் கை வேலையில் இருந்தது, காது தெருமுனையில்.

அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்துக்கு அவர் திரும்பிவந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கைகால் முகம் கழுவி ஒளு செய்தார், தொழுதார். தொழுது முடித்ததும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரைஹானத் சட்டையைத் துவைக்க எடுப்பதுபோல் எடுத்தாள். பைக்குள் கை பட்டது.

ஒரு சாவி இருந்தது. கடைப் பூட்டின் பெரிய இரும்புச் சாவி, அண்ணாச்சியின் பெயர் எழுதிய மரத்துண்டோடு கட்டியது. கடிதம் இல்லாமலே அவர் நம்பிக் கொடுத்திருக்கிறார்.

டிக்கெட்டும் இருந்தது. உறுதி செய்தால் மேலே ஒரு சின்னக் காகிதம் ஒட்டுவார்கள். அது ஒட்டியிருந்தது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். தேதி அடுத்த வாரம் இல்லை. செப்டம்பர் பதிநான்கு.

இன்னும் ஒரு மாதத்துக்குமேல். அதற்கப்புறம் போகிறாரா, போகவில்லையா? இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். சாவிதான் கனமாக இருந்தது.

உள்ளே பித்தானை அழுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் பாத்திமா. நீ கேட்ட மொத கேள்விக்கு இன்னைக்குப் பதில் கெடச்சிருச்சு. ரெண்டாவது, அந்த நூல் விசயம்…”

நிறுத்தினார். நாடாவைப் பின்னால் ஓட்டினார். மறுபடியும் பித்தான்.

“அஸ்ஸலாமு அலைக்கும் பாத்திமா. நூல் விசயமா வாப்பா சொல்லுதது என்னன்னா…”

மறுபடியும் நிறுத்தினார்.

கொல்லையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிட்டது. பாத்திமா கையில் மூன்றாவது இறக்கையோடு உள்ளே வந்தாள். சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள். பிறகு, அந்த வீட்டில் இதுவரை அவள் செய்யாத ஒன்றைச் செய்தாள். கதவைத் தட்டினாள்.